நாமினி வாரிசல்லர், லீஸ் வாடகையல்ல



எங்கள் மூத்த லாத்தாவின் கணவர் சென்ற ஆண்டு வஃபாத்தானார். லாத்தாவின் இத்தா முடிவதற்கு முன்பே வங்கியின் உரிமைகோரல் படிவம் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மச்சான் திருமணத்திற்கு முன்னர், வெளிநாட்டில் வேலை கிடைத்த புதிதில் தொடங்கிய கணக்கு அது. அதிலும், அதனோடு சேர்ந்த வைப்புத்தொகையிலும் நாமினியாகத் தம் தம்பியின் பெயரை எழுதியிருந்தார். அதன்பின் நிகாஹ் நடந்தது. 2 பெண்மக்கள் பிறந்தனர். படிவத்திலிருந்த பெயர் மட்டும் மாறவில்லை. செய்தி தெரிந்ததும் உறவினர் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். "தம்பி பேருக்குத்தானே எழுதி வச்சிருக்கார், பணம் தம்பிக்குத்தான்." லாத்தாவும் அப்படியே நம்பினார்.

அந்தத் தம்பியும் அப்படித்தான் நம்பினார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவர் பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் நிற்பவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படும் மனிதரல்லர். "காக்கா எனக்குத் தந்தது. அதிலிருந்து புள்ளைகளுக்கு வேண்டியதை நானே செய்வேன்" என்று மனப்பூர்வமாகச் சொன்னார். வஞ்சகமோ பேராசையோ இல்லாத ஒரு வீட்டில், ஒரு சொல்லின் பொருள் யாருக்கும் தெரியாத காரணத்தால் 2 யத்தீம்களின் பங்கு கைமாறவிருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான். இங்கே சட்டம் பற்றிக் கூறுவன யாவும் இந்தியச் சட்டத்தைக் குறிப்பன.

நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள அதிகாரம் பெற்ற கை, அவ்வளவே. கணக்குதாரர் இறந்தபின் வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பொறுப்பிலிருந்து நீங்கலாம் என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமைச் சட்டமே தீர்மானிக்கும். நமக்கு அது ஷரீஅத். ஆயுள் காப்பீட்டுத் தொகை குறித்து உச்ச நீதிமன்றம் 1984-இலேயே இதைத் தெளிவுபடுத்தியது. வங்கி வைப்புத்தொகைக்கு 2010-இலும், நிறுவனப் பங்குகளுக்கு 2023-இலும் அதே கொள்கையை உறுதி செய்தது. நம் மொழியில் சொன்னால் நாமினி ஓர் அமானிததாரர். அமானிதத்தைப் பெற்றவர் அதை உரியவர்களிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர் என்பதை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். 'அமானிததாரர்' என்று அந்தப் படிவத்தில் அச்சிட்டிருந்தால் எங்கள் வீட்டில் இந்தக் குழப்பமே எழுந்திராது.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருப்பின் அவர்களைப் பயனுரிமை உள்ளவர்களாகவே அச்சட்டம் கருதுகிறது. காப்பீடு கூடுமா, கூடாதா என்பது வேறு விவாதம். அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். எனினும், சட்டம் ஒருவர் கையில் முழுத்தொகையையும் கொடுத்துவிடுவதால் மற்ற வாரிசுகளின் ஹக்கு அல்லாஹ்விடத்தில் தீர்ந்துவிடுமா என்னும் கேள்வியை அந்தத் தொகையைப் பெறுபவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

மச்சானின் தந்தை முன்பே காலமாகிவிட்டார். தாயார் இருக்கிறார். ஆக, மனைவி, 2 பெண்மக்கள், தாய், ஒரு சகோதரர். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று. மொத்தத்தை 24 பங்காக்கினால் முறையே 3, 16, 4. மிஞ்சும் ஒரே ஒரு பங்கு சகோதரருக்கு. அடக்கச் செலவும் கடன்களும் போக 12 லட்சம் ரூபாய் மீதமிருப்பதாக வைத்துக்கொண்டால், லாத்தாவுக்கு 1,50,000, பெண்மக்களுக்குத் தலா 4,00,000, தாயாருக்கு 2,00,000, தம்பிக்கு 50,000. முழுத்தொகையும் தமதென்று நம்பியிருந்தவருக்குரியது 24-இல் 1. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழிலும் இந்தக் கணக்கு இராது. வாரிசுகள் யார் யார் என்பதைத்தான் அது சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

'கடன்கள் போக' என்றேனே, அங்கேதான் இன்னொரு சொல் எங்களைத் தடுத்து நிறுத்தியது. மனைவிக்குக் கொடுபடாத மஹர் கணவர் மீதுள்ள கடன். சொத்தைப் பங்கிடுமுன் அது தீர்க்கப்பட வேண்டும். லாத்தாவின் மஹர் கொடுக்கப்பட்டதா என்று அறிய ஜமாஅத்தின் நிகாஹ் தஃப்தரைப் புரட்டினோம். '5 சவரன், முஅஜ்ஜல்' என்று அழகிய கையெழுத்தில் தமிழில் எழுதப்பட்டிருந்தது. அரபியில் இதே ஒலியுடைய சொற்கள் இரண்டு உண்டு. ஐன் எழுத்தோடு வரும் முஅஜ்ஜல், உடனே கொடுக்க வேண்டியது. ஹம்ஸாவோடு வரும் முஅஜ்ஜல், பின்னர் கொடுப்பதாகத் தவணை சொன்னது. ஒன்றுக்கொன்று நேரெதிர்! தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. எழுதிய கத்தீபு சாஹிபும் இப்போது உயிருடன் இல்லை. ஒரு குடும்பத்தின் 5 சவரன், ஐனுக்கும் ஹம்ஸாவுக்கும் இடையில் தொங்கிக்கொண்டிருந்தது. தஃப்தர் எழுதும் பெரியோர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. 'மஜ்லிஸிலேயே கொடுக்கப்பட்டது' அல்லது 'பின்னர் கொடுக்க வேண்டிய கடன்' என்று பச்சைத் தமிழில் எழுதுங்கள். அந்த ஒரு வரி 30 ஆண்டுகள் கழித்து ஒரு கைம்பெண்ணுக்காகப் பேசும்.

அரபிச் சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரங்களிலும் நீதிமன்றங்களிலும் புழங்கும் தமிழ்ச் சொற்களில் பல, பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில் அதன் வழியே வந்த அரபிச் சொற்கள். வாரிசு என்பது வாரிஸ். ஜாமீன் என்பது ளாமின். வக்கீல், அசல், நகல், பாக்கி, ரத்து எல்லாம் நாம் ஓதும் மொழியின் வேர்களிலிருந்து வந்தவை. ஃபர்ளான தொழுகையின் ஷர்த்துகளை ஒப்பிக்கத் தெரிந்த நாம், அதே மொழியின் சொற்கள் முத்திரைத்தாளில் ஏறியதும் அவை ஏதோ அந்நிய மந்திரம் போல் அஞ்சி, "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்கிறோம்.

ஜாமீன் என்ற சொல்லையே பாருங்கள். நண்பர் கடன் வாங்குகிறார். "சும்மா ஒப்புக்கு ஒரு கையெழுத்து" என்கிறார். நாமும் தேநீர் குடித்துக்கொண்டே இடுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு முழுவதும் சமமானது. கடனாளியைத் துரத்திக் களைத்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்னும் கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. நேராக நம் வாசலுக்கே வரலாம். மார்க்கத்திலும் இது விளையாட்டல்ல. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராதிருந்தபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்வு. அன்று அபூ கதாதா (ரலி) சொன்ன ஒரு வாக்கு ஒரு மனிதருடைய ஜனாஸாத் தொழுகையின் நிலையையே மாற்றியது. நாம் 'ஒப்புக்கு' என்கிறோம்.

வீட்டுப் பெண்கள் பெரிதும் ஏமாறும் சொல் 'விடுதலை'. விடுதலைப் பத்திரம் என்றால் ஏதோ வில்லங்கத்திலிருந்து சொத்தை விடுவிக்கும் சடங்கு என்று பலர் எண்ணுகின்றனர். சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சகோதரிகளை அழைத்துச் சென்று, "பத்திரத்துல எல்லாருடைய கையெழுத்தும் வேணுமாம்" என்று சொல்லி ரேகை வைக்கச் செய்வது நம் ஊர்களில் அரிதன்று. அந்தப் பத்திரம் விடுவிப்பது சகோதரியின் பங்கை. அவர் தம் உரிமையை இன்னாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதே அதன் பொருள். மனமுவந்து விட்டுக்கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு பங்கிலிருந்து விலகுவதற்கு ஃபிக்ஹ் நூல்களில் 'தகாருஜ்' என்று தனித் தலைப்பே உண்டு. ஆயின் விடுவதற்கு முன் தமக்கு எவ்வளவு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாத ஒன்றை மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக எப்படிக் கூறுவது?

தந்தை உயிரோடிருக்கும்போதே மகளிடம் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கும் வழக்கமும் உண்டு. முஸ்லிம் வாரிசுரிமையில், மூலவர் இறக்கும்வரை வாரிசுக்கு உரிமையே பிறப்பதில்லை. பிறக்காததை விட்டுக்கொடுப்பது வெறும் காகிதம். ஆனால் இங்கும் ஒரு கொக்கி இருக்கிறது. அதற்கு ஈடாகப் பணமோ நிலமோ பெற்றுக்கொண்டவர், பின்னர் பங்கு கேட்டு வர முடியாதபடி அவருடைய நடத்தையே தடையாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-இலும் 2011-இலும் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே திருமணத்தின்போது "இதுதான் உன் பங்கு" என்று சொல்லி நகையோடு ஒரு தாளும் நீட்டப்பட்டால், சகோதரிகளே, அதைப் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

செட்டில்மென்ட், உயில், பவர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்புவோர் உண்டு. செட்டில்மென்ட் என்பது வழக்கைத் தீர்ப்பதன்று. பதிவு அலுவலக வழக்கில் அது சொத்தை இப்போதே கொடுத்துவிடும் தானப் பத்திரம். நமக்கு அது ஹிபா. கொடுப்பதாகச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். 'என் ஆயுளுக்குப் பின் இவனைச் சேரும்' என்று எழுதினால் அது ஹிபாவாகாது. வஸிய்யத்தின் வாசலுக்குப் போய்விடும். வஸிய்யத்தோ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வாரிசுக்கு எழுதுவதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். மூத்த மகனுக்கு வீடு முழுவதையும் 'உயில்' எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகப் போகும் வாப்பாமார்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது வழக்கைத்தான். பவர் பத்திரம் நம் வகாலத். கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதுவும் அன்றே முடிகிறது. பவரை மட்டும் வாங்கிக்கொண்டு மனை வாங்கிவிட்டதாக நினைத்திருப்போர், அது கிரயமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியதை அறிந்துகொள்ளட்டும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது 'லீஸ்'. நம் நகரங்களில் 'லீஸுக்கு வீடு' என்றால் என்ன பொருள்? 8 லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறோம். 3 ஆண்டுகள் வாடகையின்றி இருக்கிறோம். காலி செய்யும்போது அந்த 8 லட்சத்தையும் அப்படியே திரும்பப் பெறுகிறோம். அந்த வீட்டின் வாடகை மாதம் 8,000 என்று வைத்தால், 36 மாதங்களில் 2,88,000 ரூபாய் மதிப்புள்ள குடியிருப்பை நாம் அனுபவித்திருக்கிறோம். கொடுத்த பணமோ ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆங்கிலத்தில் லீஸ் என்றால் குத்தகை, வாடகை. இங்கே வாடகையே இல்லை. நம் பாட்டனார் இதற்கு வைத்த பெயர் ஒத்தி, போக்கியம். சொத்துரிமை மாற்றுச் சட்டமும் இதை அனுபவ அடைமானமாகவே வகைப்படுத்துகிறது. அதாவது கடன் கொடுத்து, வீட்டை அடைமானமாகப் பெற்று, அதன் அனுபவத்தை ஆதாயமாகக் கொள்கிறோம். கடன் ஈட்டித்தரும் ஆதாயம் வட்டி என்னும் ஃபிக்ஹ் விதியை அறியாத ஆலிம் இல்லை.

ஆனால் நாம் ஆலிமிடம் எப்படிக் கேட்கிறோம்? "ஹஜ்ரத், லீஸுக்கு வீடு எடுக்கலாமா?" லீஸ் என்றால் இஜாரா, இஜாரா ஹலால். கேள்வியிலேயே சொல் மாறிவிட்டதால் பதிலும் மாறிவிடுகிறது. "8 லட்சம் கடனாகக் கொடுக்கிறேன், அது திரும்பி வரும்வரை அவர் வீட்டில் சும்மா இருக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். பிற்கால ஹனஃபி அறிஞர்களிடையே 'பைஉல் வஃபா' போன்ற ஏற்பாடுகள் குறித்துக் கருத்து வேறுபாடுகள் இருந்தன என்பது உண்மைதான். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை. உண்மைப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்பதே என் வாதம். வாடகை கொடுக்கச் சக்தியுள்ள குடும்பங்கள், வங்கி வட்டியைத் தவிர்த்ததாக நிம்மதி கொண்டு, அதே காரியத்தை வேறொரு பெயரில் செய்துகொண்டிருக்கின்றன.

தவணைக் கடையிலும் இதே கதை. 'ஃப்ளாட் 10 சதவீதம்' என்று ஒரு லட்சத்தை 12 மாதத் தவணையில் வாங்கியவர், மாதம் சுமார் 9,167 ரூபாய் கட்டுகிறார். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஆண்டு முழுவதும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 18 சதவீதம். இதைச் சொல்வது குறைந்த வட்டியைத் தேடிப் போங்கள் என்பதற்காக அல்ல. வட்டி ஹராம் என்று அறிந்தும் நெருக்கடியில் அதில் விழுந்துவிட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இரட்டிப்பாக ஏமாற வேண்டாம் என்பதற்காகத்தான்.

அருள்மறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். 2:282. அது கடனை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. அதில் நான் மீண்டும் மீண்டும் வியக்கும் இடம் ஒன்று உண்டு. எழுத்தர் எழுத வேண்டும்; எழுதுவதற்கான வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? பணம் கொடுத்தவரல்லர், எழுத்தருமல்லர். யார் மீது பொறுப்பு விழுகிறதோ அவரே தம் வாயால் சொல்ல வேண்டும் என்கிறான் அல்லாஹ். அவர் பலவீனரானாலோ சொல்ல இயலாதவரானாலோ, அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். சுமப்பவர் தம் சொற்களில் சொல்ல முடிந்தால்தான் என்ன சுமக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்ததாகும். இன்று நம் நிலை தலைகீழ். கொடுப்பவர் வாசகம் அமைக்கிறார், எழுத்தர் அச்சிடுகிறார், சுமப்பவர் 'இங்கே, இங்கே, இங்கே' என்று விரல் காட்டிய இடங்களில் ஒப்பமிடுகிறார்.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தந்து விளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்? கேட்பதற்கே கூச்சப்படுகிறோம். படித்துப் பார்த்தால் எதிரே இருப்பவரைச் சந்தேகிப்பதாகிவிடும் என்னும் தவறான நாகரிகம் நம்மிடம் ஊறியிருக்கிறது. உறவுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். எழுதி வைத்துக்கொள்வது சந்தேகத்தை நீக்கும் வழி என்று மேற்சொன்ன வசனமே சொல்லும்போது, படித்துப் பார்ப்பது எப்படி அவமரியாதை ஆகும்?

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். இத்தா முடிந்த மறுவாரம், இஷாவுக்குப் பின், பள்ளி இமாமையும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரையும் அழைத்து வந்தோம். மச்சானின் உம்மாவும் லாத்தாவும் பிள்ளைகளும் உள்ளறை வாசலில் அமர்ந்திருந்தார்கள். படிவம் வரிவரியாக வாசிக்கப்பட்டது. 24 பங்குகள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதப்பட்டன. தம்பி நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாமினின்னா இதுதான் அர்த்தம்னு எனக்குத் தெரியாது ஹஜ்ரத்" என்றார். மஹர் பற்றிய பேச்சு எழுந்தபோது, அது ஐனா ஹம்ஸாவா என்னும் ஆராய்ச்சிக்கே அவர் இடம் தரவில்லை. "மைனி கைக்கு வரலைன்னு சொல்றாங்க. அப்ப அது காக்காவோட கடன். முதல்ல 5 சவரனை எடுத்து வையுங்க, அப்புறம் பங்கு போடுங்க" என்றார். அவருடைய உம்மா தலையசைத்தார். வங்கிப் பணம் அவர் கணக்குக்கு வந்த அன்றே, தாளில் எழுதியபடி பிரித்து ஒப்படைத்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு பரகத் செய்வானாக.

இரண்டு மாதங்கள் கழித்து எங்கள் வாப்பா வீட்டுப் பாகப்பிரிவினை தொடர்பாக ஒரு பத்திர நகலை நானே லாத்தாவிடம் கொண்டு போனேன். சாதாரணக் காகிதம்தான், திருத்தம் ஒன்றுக்கானது. பேனாவை நீட்டினேன். லாத்தா வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "உட்காரு தம்பி, முதல்ல வாசிச்சுக் காட்டு" என்றார்.